கூடுதல் வட்டி கொடுப்பது பலவீனமா?

கோவையில் தொழில் நடத்துகிறவர்கள் நான்கு பேர் கூடி வங்கிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். "சின்ன வங்கிகளுக்கு இனி வாழ்வில்லை. பேசாமல் பெரிய வங்கியோடு சேர்த்துவிட வேண்டியதுதான்." பங்குச்சந்தைப் பத்திகளிலும் இதையே படிக்கிறோம். கொள்கை பேசுகிறவர்கள் பல ஆண்டுகளாக இதையே சொல்கிறார்கள். கரூர், கும்பகோணம், தூத்துக்குடி என்று மூன்று ஊர்களில் தலைமையகம் வைத்திருக்கும் மூன்று பழைய தனியார் வங்கிகள்தான் தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கின்றன. அவையும் போவது காலத்தின் கட்டாயம் என்கிறார்கள். இது தவறான கருத்து. கொங்குப் பகுதியின் தொழிலுக்குக் கேடு செய்யக்கூடிய கருத்தும்கூட.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். வங்கி விற்கும் சரக்கு பணம். சரக்கை மலிவாகக் கொள்முதல் செய்கிறவன்தான் சந்தையில் நிற்பான். ஸ்டேட் வங்கியிடம் உள்ள வைப்புத்தொகையில் ஏறத்தாழ 40 சதவீதம் சேமிப்புக் கணக்கிலும் நடப்புக் கணக்கிலும் இருக்கிறது. வங்கிக்காரர்கள் 'காசா' என்று சொல்வது இதைத்தான். 2025 ஜூன் முதல் சேமிப்புக்கு ஸ்டேட் வங்கி தரும் வட்டி 2.5 சதவீதம், நடப்புக் கணக்குக்கு வட்டியே கிடையாது. கரூர் வைஸ்யா வங்கியிலோ 2025 மார்ச்சில் காசாவின் பங்கு 27 சதவீத அளவுதான். மீதி முழுக்க எஃப்.டி., அதாவது குறித்த கால வைப்பு. அதற்குச் சந்தை வட்டி தந்தாக வேண்டும். பல நேரம் பெரிய வங்கியைவிடக் கால், அரை சதவீதம் கூட்டித் தந்தால்தான் பணம் வரும். கொள்முதல் விலை கூடினால் கடன் வட்டியும் கூடும். கடன் வட்டி கூடினால் நல்ல தொழில்காரர் பெரிய வங்கிக்குப் போய்விடுவார். வேறெங்கும் கடன் கிடைக்காதவர் மட்டும் சின்ன வங்கியில் தங்குவார். அவரிடம் கொடுத்த பணம் திரும்பாது. 2020-இல் மூழ்கி வேறு வங்கியோடு சேர்க்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கிக்கு நேர்ந்ததுதான் மற்றவற்றுக்கும் நேரும்.

யோசிக்காமல் சொல்லப்படும் வாதம் இல்லை இது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சரியாகவே ஏறுகிறது. ஆகவே படிப்படியாகவே இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

1. கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது?

கொள்முதல் விலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால், 40 சதவீதம் காசா வைத்திருக்கும் வங்கியின் லாபம் 27 சதவீதம் வைத்திருக்கும் வங்கியைவிடச் செழிப்பாக இருக்க வேண்டும். 2024-25 நிதியாண்டில் நடந்தது நேர்மாறானது. வட்டி வரவுக்கும் வட்டிச் செலவுக்கும் உள்ள இடைவெளி ஸ்டேட் வங்கியில் மூன்று சதவீதத்தை ஒட்டியும், கரூர் வைஸ்யாவில் நான்கு சதவீதத்தை ஒட்டியும் இருந்தது. இது வட்டிக் கணக்கு மட்டும். சம்பளம், வாடகை, கம்ப்யூட்டர், வாராக்கடனுக்கு ஒதுக்கியது எல்லாம் போக, நூறு ரூபாய்ச் சொத்துக்கு ஸ்டேட் வங்கி ஈட்டிய நிகர லாபம் ₹1.10. கரூர் வைஸ்யா ஈட்டியது சுமார் ₹1.70. அந்த ஆண்டு அதன் வைப்புத்தொகை ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. நிகர லாபம் ₹1,942 கோடி.

"கூடுதல் வட்டிக்கு ஆபத்தான ஆளுக்குக் கடன் கொடுத்திருப்பார்கள், அதனால் வந்த லாபம்" என்று உடனே பதில் வரும். அதையும் பார்ப்போம். 2025 மார்ச்சில் மொத்த வாராக்கடன் ஸ்டேட் வங்கியில் 1.82 சதவீதம். கரூர் வைஸ்யாவில் 0.76 சதவீதம். நல்ல கடன்காரர்கள் எல்லோரும் பெரிய வங்கிக்குப் போய்விட்டார்கள் என்ற படி இங்கேயே உடைகிறது. போகாதவர்களும் வாங்கிய கடனைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2019 மார்ச்சில் இதே கரூர் வைஸ்யாவின் மொத்த வாராக்கடன் 8.79 சதவீதம். அப்போது அதன் காசா பங்கு 30 சதவீத அளவில் இருந்தது. ஆறு ஆண்டுகளில் காசா குறைந்திருக்கிறது, வங்கி தேறியிருக்கிறது. மலிவுப் பணத்தின் அளவைப் பார்த்து வங்கியின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்புகிறவர்கள் இந்த ஆறு ஆண்டுகளை எப்படி விளக்குவார்கள்?

2. வட்டிச் செலவு என்ற ஒரு வரியை மட்டும் படித்தால் போதுமா?

எந்த இந்திய வங்கியின் ஆண்டறிக்கையிலும் அட்டவணை 15 என்று ஒரு பக்கம் இருக்கும். வட்டிச் செலவு அங்கேதான் வருகிறது. மூன்றே வரிகள்: வைப்புகளுக்குத் தந்த வட்டி, ரிசர்வ் வங்கியிடமும் மற்ற வங்கிகளிடமும் வாங்கிய கடனுக்கான வட்டி, பிற. அதற்கு அடுத்தது அட்டவணை 16, நிர்வாகச் செலவு. விமர்சகர்கள் பதினைந்தாம் அட்டவணையோடு நிறுத்திவிடுகிறார்கள். பணம் திரட்டும் செலவில் ஒரு பங்கு பதினாறில் ஒளிந்திருக்கிறது.

ஒரு நூறு ரூபாயை வைத்துப் பார்க்கலாம். ஈரோட்டில் ஒருவர் 7 சதவீத வட்டிக்கு எஃப்.டி. போடுகிறார். வங்கி அவருக்குத் தர வேண்டியது 7 ரூபாய். வைப்புக் காப்பீட்டுக்கு 12 காசு என்று வைத்துக்கொள்வோம். ஆக ₹7.12. அந்த நூறும் வங்கியின் கையில் முழுசாக நிற்பதில்லை. 3 ரூபாய் ரிசர்வ் வங்கியிடம் ரொக்க இருப்பாகப் போகிறது. அதற்கு ஒரு பைசா வட்டி கிடையாது. 2025 நவம்பர் வரை இது மூன்றுக்கும் மேல் இருந்தது, சில வருடம் முன்பு 4.5. இன்னொரு 18 ரூபாய் அரசுப் பத்திரத்தில் போட்டாக வேண்டும். அதில் ஆறரை சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ₹1.17 வரவு. மீதியுள்ள ₹5.95-ஐ, கடன் கொடுக்கக் கையில் இருக்கும் 79 ரூபாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதாவது 7.53 சதவீதம். ஊழியர் சம்பளம், வாராக்கடன், லாபம் எல்லாம் அதற்கு மேலேதான். "டெபாசிட்டுக்கு 7 கொடுக்கிறான், கடனுக்கு 10 வாங்குகிறான், நடுவில் மூன்று ரூபாய் கொள்ளை" என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

இதே நூறு சேமிப்புக் கணக்கில் வந்தால்? வட்டி 2.50, காப்பீடு 12 காசு, பத்திர வரவைக் கழித்தால் ₹1.45. எழுபத்தொன்பதில் அது 1.84 சதவீதம். பார்த்தால் பிரமாதம். ஆனால் எஃப்.டி. போட்டவர் வருடத்துக்கு ஒரு முறை கிளைக்கு வருகிறார். சேமிப்புக் கணக்குக்காரர் காலையில் டீக்கடையில் பத்து ரூபாயும், பெட்ரோல் பங்கில் இருநூறும், காய்கறிக் கடையில் எண்பதும் செல்போனில் அனுப்புகிறார். 2020 ஜனவரியிலிருந்து யு.பி.ஐ. பரிவர்த்தனைக்கு வியாபாரியிடம் கட்டணம் வசூலிக்க முடியாது. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் சர்வர் ஓட வேண்டும், மோசடி கண்காணிக்க வேண்டும், புகாருக்கு ஆள் வைக்க வேண்டும். ஏ.டி.எம்.மில் பணம் நிரப்ப வேண்டும். பாஸ்புக் வரிசைக்குக் கவுண்டர் வேண்டும். இவை எதுவும் வட்டிச் செலவாகப் பதிவாவதில்லை. மலிவுப் பணம் என்று சொல்லப்படுவது வட்டியில் மலிவு; பராமரிப்பில் அப்படி இல்லை.

காலக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2019 அக்டோபரிலிருந்து சிறுதொழில் கடன்களும் வீட்டுக் கடன்களும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. மூன்று மாதத்துக்குள் வட்டி மாறியாக வேண்டும். 2025 பிப்ரவரி முதல் ஜூனுக்குள் ரெப்போ ஒரு சதவீதம் இறங்கியது. கடன் வட்டி கூடவே இறங்கியது. 2024-இல் போட்ட எஃப்.டி.க்கு ஒப்புக்கொண்ட வட்டி முதிர்வு வரை இறங்காது. அந்த ஓரிரு ஆண்டுகளில் வட்டிச் செலவு உப்பித் தெரிவது ஒப்பந்தத்தை மதிப்பதால். 2022-23-இல் இதற்கு நேர்மாறாக நடந்தது, ரெப்போ 4-இலிருந்து 6.5-க்கு ஏறியபோது வங்கிகள் லாபம் பார்த்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏதோ ஒரு காலாண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவது முறையில்லை.

3. லட்சுமி விலாஸ் வங்கி எதனால் அழிந்தது?

எதிர்த்தரப்பின் மிகப் பெரிய சாட்சி இந்த வங்கிதான். எனவே இதில் சற்று நிற்க வேண்டும்.

கரூரில் 1916-இல் ஒரு லட்சம் ரூபாய் மூலதனத்தில் கரூர் வைஸ்யா தொடங்கியது. வெங்கடராம செட்டியாரும் ஆதி கிருஷ்ண செட்டியாரும் தொடங்கினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1926-இல், அதே கரூரில் ராமலிங்க செட்டியார் தலைமையில் ஏழு வியாபாரிகள் லட்சுமி விலாஸைத் தொடங்கினார்கள். ஒரே ஊர். ஒரே மாதிரியான வைப்பாளர்கள்: ஜவுளி வியாபாரி, லாரி உரிமையாளர், நெல்லும் வாழையும் விற்ற விவசாயி, ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரே வட்டிச் சந்தை. எஃப்.டி.யை நம்பியே இரண்டும் பிழைத்தன. வட்டிச் செலவுதான் வங்கியைக் கொல்லும் என்றால் இரண்டும் ஒன்றாகச் செத்திருக்க வேண்டும், அல்லது இரண்டும் பிழைத்திருக்க வேண்டும். ஒன்று 2020 நவம்பர் 27-இல் சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்தில் கரைந்தது. மற்றது நூற்றாண்டைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது.

வித்தியாசம் கடன் பக்கத்தில் இருந்தது. லட்சுமி விலாஸ் தன் நிர்வாகத்தைச் சென்னைக்கு மாற்றி, தனக்குப் பழக்கமில்லாத பெரிய நிறுவனக் கடன்களில் இறங்கியது. ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்ற தில்லி நிதி நிறுவனம் அதில் பெரிய தொகையை எஃப்.டி. போட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் அன்றைய உரிமையாளர்களுடைய வேறு கம்பெனிகளுக்கு வங்கி கடன் கொடுத்தது. கடன் திரும்பாதபோது எஃப்.டி.யை எடுத்துக் கடனில் வரவு வைத்துக்கொண்டது. ரெலிகேர் ஃபின்வெஸ்ட் 2018-இல் தில்லியில் வழக்குப் போட்டது. விவகாரத் தொகை சுமார் ₹790 கோடி. கரூரில் கொசுவலை நெய்கிறவருக்கோ திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி ஓட்டுகிறவருக்கோ கொடுத்த கடனில் இந்த ஓட்டை விழவில்லை.

நடந்த வரிசையைக் கவனியுங்கள். 2017-18-இல் ₹585 கோடி நட்டம். அடுத்த ஆண்டு ₹894 கோடி. அதற்கு அடுத்த ஆண்டு ₹836 கோடி. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதித்தது. அக்டோபரில் இந்தியாபுல்ஸோடு இணையும் திட்டத்தை நிராகரித்தது. 2020 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 25.39 சதவீதம். வைப்பாளர்கள் வெளியேறியது இதற்குப் பிறகும் இதனோடும்தான்: 2019 மார்ச்சில் ₹29,000 கோடிக்கு மேல் இருந்த வைப்பு ஒரே ஆண்டில் ₹21,500 கோடிக்குக் கீழே போனது. கடன் கெட்டது, பிறகு நம்பிக்கை கெட்டது, பிறகு பணம் போனது. விமர்சகர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வட்டிச் செலவைக் காரணமாகக் காட்டுகிறார்கள்.

கரூர் வைஸ்யாவின் 8.79 சதவீதமும் இந்தப் பாடத்தையே சொல்கிறது. அதுவும் அந்தக் காலத்தில் பெரிய நிறுவனக் கடன்களில் கையைச் சுட்டுக்கொண்டது. பிறகு அவற்றைக் குறைத்து, சிறுதொழில், விவசாயம், நகைக்கடன் என்று தனக்குத் தெரிந்த இடத்துக்குத் திரும்பியதால் மீண்டது. வைப்பாளருக்குக் கொடுக்கும் வட்டியைக் குறைத்து மீளவில்லை.

4. மலிவான பணம் நிலையான பணமா?

2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் எடுக்கப்பட்டது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. அதன் வைப்புகளில் பெரும்பகுதி வட்டியே இல்லாத, அல்லது மிகக் குறைந்த வட்டிக் கணக்குகளில் இருந்த நிறுவனப் பணம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது. வட்டிச் செலவை வைத்து மதிப்பெண் போட்டிருந்தால் அந்த வங்கி வகுப்பில் முதலிடம் பிடித்திருக்கும்.

நம் ஊர் எஃப்.டி.யின் குணம் வேறு. மகள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் என்று போட்ட பணம், தோட்டம் விற்று அறுபது வயதுக்கு மேல் மாத வட்டிக்காகப் போட்ட பணம், இவை ஒரு வதந்திக்கு ஓடிவிடுவதில்லை. முன்கூட்டி எடுத்தால் வட்டி நட்டம் என்பதால் ஒரு தரம் யோசிப்பார்கள். பெரும்பாலான கணக்குகள் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீட்டுக்குள் அடங்கும். இந்த நிதானத்தைப் பெறுவதற்கு வங்கி கொடுக்கும் விலையின் ஒரு பகுதிதான் அந்தக் கூடுதல் கால் சதவீதம். இதை வீண்செலவு என்று எழுதுகிறவர்கள், கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கவே இல்லை.

5. பெரிய வங்கியின் மலிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

திறமையால் வந்த மலிவு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பகுதி வைப்பாளரின் நட்டத்தால் வருகிறது. 2024-25-இல் சில்லறை விலைவாசி சராசரியாக 4.6 சதவீதம் ஏறியது. அந்த ஆண்டு முழுவதும் ஸ்டேட் வங்கியின் சேமிப்பு வட்டி 2.7 சதவீதம். சம்பளக் கணக்கிலும் ஓய்வூதியக் கணக்கிலும் பணத்தை அப்படியே விட்டு வைத்தவர்கள் ஆண்டு முடிவில் ஏழையானார்கள். ஒரு வங்கியின் வட்டிச் செலவு இன்னொரு வீட்டின் வருமானம். செலவைக் குறைத்ததற்காக வங்கியைப் பாராட்டும்போது, அந்த வருமானம் எந்த வீட்டில் குறைந்தது என்றும் சொல்ல வேண்டாமா?

இன்னொரு பகுதி அரசின் தயவால் வருகிறது. 2021 பிப்ரவரி வரை அரசின் வரி வசூலும் ஓய்வூதிய வழங்கலும் பொதுத்துறை வங்கிகளுக்கும் சில பெரிய தனியார் வங்கிகளுக்கும் மட்டுமே. கரூர் வங்கிக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. அரசுப் பணம் வந்து போகும் கணக்கில் எப்போதும் ஒரு பெருந்தொகை வட்டியின்றித் தங்கும். பந்தயத்தில் ஒருவரின் காலைக் கட்டிவிட்டு, அவர் மெதுவாக ஓடுகிறார் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது, ஆபத்து வந்தால் அரசு கைவிடாது என்ற நம்பிக்கை. ஸ்டேட் வங்கி, எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. மூன்றையும் நாட்டின் நிதியமைப்புக்கு இன்றியமையாதவை என்று ரிசர்வ் வங்கியே பட்டியலிட்டிருக்கிறது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கி தடுமாறியபோது, மாநில அரசுகள் தனியார் வங்கிகளிலிருந்து பணத்தை எடுக்கத் தொடங்கின. அது தேவையற்ற அச்சம் என்று ரிசர்வ் வங்கி மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. அந்த வாரங்களில் எந்தத் தவறும் செய்யாத சின்ன வங்கிகளும் வைப்பைத் தக்கவைக்கப் போராடின. அந்த அச்சத்துக்கான விலையையும் சேர்த்தே அவை வட்டியாகக் கட்டுகின்றன. அதைத் திறமைக்குறைவு என்று எழுதுவது அநியாயம்.

6. இணைத்த பிறகு கொங்குத் தொழிலுக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

தமிழ்நாட்டில் வங்கிகள் திரட்டும் வைப்பைவிடக் கொடுக்கும் கடன் அதிகம். கடன்-வைப்பு விகிதம் நூறு சதவீதத்துக்கு மேல். காரணம் கோவையின் பம்ப்செட், திருப்பூரின் பின்னலாடை, நாமக்கல்லின் லாரியும் கோழிப் பண்ணையும், கரூரின் பஸ் பாடியும். இங்கே பணத்துக்குப் பசி அதிகம். இங்குள்ள சேமிப்பாளரும் வட்டி தெரிந்தவர். பக்கத்துத் தெருவில் மாதம் நூற்றுக்கு ரெண்டு வட்டிக்குப் பணம் புரளும் ஊரில், வருடத்துக்கு இரண்டரை சதவீதத்துக்கு ஒருவர் தன் பணத்தை விட்டு வைப்பாரா? வங்கி எஃப்.டி.க்கு 9 சதவீதம் கிடைத்த 2011-12-லேயே பெருந்துறை ஈமு மோசடிப் பண்ணைகளில் கொண்டுபோய்ப் பணத்தைக் கொட்டிய பகுதி இது. திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடி வழக்கில் 2022-இல் தண்டனை வந்தது. பணம் போட்டவர்களின் இழப்பு நூற்றுக்கணக்கான கோடி. இந்தச் சந்தையில் நியாயமான வட்டி கொடுத்துச் சேமிப்பை ஒழுங்கான கணக்குக்குள் கொண்டுவரும் வங்கி ஒரு பொதுச் சேவையையும் செய்கிறது.

கோவை கணபதியில் ஒரு வார்ப்படப் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் வேலை. சிசி (ரொக்கக் கடன்) லிமிட் எண்பது லட்சம். பம்ப் கம்பெனியிடமிருந்து வர வேண்டிய பில் தொண்ணூறு நாள் தாண்டிவிட்டது. பிக் அயர்ன் விலை ஏறிவிட்டது. சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர் தற்காலிகமாகப் பத்து லட்சம் லிமிட்டுக்கு மேல் கேட்கிறார். தலைமையகம் கரூரில் இருக்கும் வங்கியில், இவருடைய பில் எந்தக் கம்பெனியுடையது, அந்தக் கம்பெனி எப்போதும் மார்ச்சில்தான் பணம் விடும் என்பதெல்லாம் மேலாளருக்கும் மண்டல அதிகாரிக்கும் தெரியும். மும்பையிலிருந்து மதிப்பெண் போடும் மென்பொருளுக்குத் தொண்ணூறு நாள் நிலுவை என்ற ஒன்று மட்டும் தெரியும். அங்கே மறுத்தால் அவர் போகும் இடம் பெரிய வங்கியின் மலிவுக் கடன் இல்லை, ஊர் ஃபைனான்ஸ். வருடத்துக்கு 24 சதவீதம். சின்ன வங்கியின் கடன் வட்டியை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது இங்கே தெரிகிறது. மஞ்சளை ஈரோட்டுக் கிடங்கில் வைத்து விலைக்குக் காத்திருப்பவருக்கும், பொள்ளாச்சியில் கொப்பரைக் களம் வைத்திருப்பவருக்கும் இதே கதைதான்.

மதுரையில் கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யில் சேர்ந்தது. பேங்க் ஆஃப் தஞ்சாவூர் இந்தியன் வங்கியிலும், பேங்க் ஆஃப் தமிழ்நாடு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியிலும் 1990-இல் போய்ச் சேர்ந்தன. வைப்பாளரின் பணம் காப்பாற்றப்பட்டது, சரி. கடன் முடிவு எடுக்கும் மேசை ஊரைவிட்டுப் போனது. போன மேசை எதுவும் திரும்பி வரவில்லை. லட்சுமி விலாஸ் முடிவில் பங்குதாரரின் முதலீடு முழுவதும் சுழியமாக்கப்பட்டது. ₹318 கோடி கடன் பத்திரங்களும் தள்ளுபடி செய்யப்பட்டன. வைப்பாளர்கள் பத்து நாள் ₹25,000-க்கு மேல் எடுக்க முடியாமல் நின்று, பிறகு முழுத் தொகையையும் பெற்றார்கள்.

எதிர்த்தரப்பு சொல்வதில் உண்மை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரு வங்கி திடீரென்று மற்றவர்களைவிட ஒன்று, ஒன்றரை சதவீதம் கூட்டிக் கொடுத்து, மூன்று கோடிக்கு மேற்பட்ட மொத்த வைப்புகளைத் துரத்தினால் அது அபாய அறிகுறி. அப்படி வரும் பணம் வட்டிக்காக வந்தது. அடுத்த வங்கி கால் சதவீதம் கூட்டினால் போய்விடும். நிதிச் செலவு சீராகச் சற்றுக் கூடுதலாக இருப்பது வேறு, மூச்சுத் திணறி ஏலம் கேட்பது வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டதுதான் இந்த வாதத்தின் அடிப்படைப் பிழை.

அதனால் கோவைத் தொழில் அமைப்புகளின் கூட்டங்களில் வங்கி இணைப்பை ஆதரித்துப் பேசப்போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. மேடை ஏறும் முன் அந்த வங்கியின் ஆண்டறிக்கையைத் திறந்து நான்கு விவரங்களைப் பாருங்கள். முதல் இருபது பெரிய வைப்பாளர்களின் பணம் மொத்தத்தில் எத்தனை சதவீதம். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி அது அச்சிடப்பட்டிருக்கும். முதல் இருபது பெரிய கடன்காரர்களின் பங்கு எவ்வளவு; அதுவும் இருக்கும். அட்டவணை 15-ஐயும் 16-ஐயும் கூட்டினால் வரும் மொத்தச் செலவு எவ்வளவு. கடந்த ஐந்து ஆண்டில் வாராக்கடன் எந்தத் திசையில் போகிறது. இந்த நான்கிலும் வங்கி தேறினால், வைப்பாளருக்குக் கால் சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது என்பதற்காக அதை மூடச் சொல்லாதீர்கள். அந்தக் கால் சதவீதம் உங்கள் ஊர்க்காரர் கைக்குத்தான் போகிறது.